ஸ்காலர்ஷிப்புக்கு முன்னாடி இருக்க பேர வாசிங்க

சட்டம் படிக்கப் போற பிள்ளைங்ககிட்டயோ அவங்க அப்பா அம்மாகிட்டயோ "ஃபுல் ட்யூஷன் ஸ்காலர்ஷிப் இருக்கு"ன்னு, அதாவது காலேஜ்ல பாடம் நடத்த வாங்குற ஃபீஸ் பூராவும் கட்டுற உதவின்னு, சொன்னா மொதல்ல கேக்குறது எவ்வளவு மார்க் வேணும்னு. அடுத்து எப்ப காசு வரும்னு. மூணாவதா "அது யார் பேர்ல இருக்கு, அவங்க ஏன் குடுக்காங்க"ன்னு யாராச்சும் கேட்டா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும், ஆனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் அஞ்சு வருஷம் ஒரு மறைஞ்சுபோன வக்கீலோட பேர்ல இருந்த ஸ்காலர்ஷிப்ல படிச்சு வந்தவ. எவ்வளவு வரும், எத்தன வருஷம் வரும், நடுவுல சிக்கல் வந்தா யார்கிட்ட போய் நிக்கணும், எல்லாத்துக்கும் பதில் அந்தப் பேருக்குப் பின்னாடி தான் இருந்துச்சு. அதத் தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஆலங்குளம் பக்கம். அம்மா பீடி சுத்துறா, அப்பா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல லோடு எறக்குறாரு. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மடில சொளவு இருக்கும், இலைய வெட்டி தூள வச்சு உருட்டி நூல் சுத்துற வேகத்துலயே ஊர்க்கதையும் ஓடும். வக்கீலுக்குப் படிக்கப் போறேன்னு நான் சொன்னதுக்கு பக்கத்து வீட்டு மதினி "கோர்ட்டுக்கு நாம கேஸோட தான போவோம், நீ எதுக்குட்டி சும்மா போற"ன்னு சிரிச்சா. 2019 மே மாசம் கிளாட் எழுதுனேன், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு அது, அப்ப 200 கேள்வி. இப்ப டிசம்பருக்கு மாத்திட்டாங்க, 120 கேள்வி 120 நிமிஷம், தப்பான பதிலுக்கு கால் மார்க் போகும், கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல மட்டும் தான். எனக்கு வந்த ரேங்க்குக்கு வெளி மாநிலத்துல ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கெடச்சுது. எதுன்னு சொல்லல, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்ல.

மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, இந்த மாதிரி ஸ்காலர்ஷிப் அட்மிஷனோட சேத்து கையில வராது. நிறைய இடத்துல சேந்து, வகுப்பு ஆரம்பிச்சு, அப்புறம் தான் விண்ணப்பமே கேப்பாங்க. ஆனா சீட்ட உறுதி பண்ண கவுன்சலிங் நேரத்துலயே ஒரு பெரிய தொகை, அப்புறம் மொத தவணை, இது ரெண்டும் குறிச்ச தேதிக்குள்ள கட்டியாகணும். "எனக்கு ஸ்காலர்ஷிப் வரும் சார்"னு சொன்னா அங்க யாரும் காத்திருக்க மாட்டாங்க. எங்க வீட்ல அம்மாவோட கம்மலும் செயினும் கூட்டுறவு சங்கத்துல நகைக் கடனுக்குப் போச்சு, சித்தப்பா கொஞ்சம் பெரட்டுனாரு. ஸ்காலர்ஷிப் பணம் வந்தப்புறம் அது ரெண்டாவது தவணைல கழிஞ்சுச்சே தவிர கையில திரும்பி வரல. அதனால நகைய மீக்க நாங்க நினைச்சதவிட ரொம்ப நாளாச்சு. ஃபுல் ட்யூஷன் கெடச்சாலும் மொத வருஷத்துக்குப் பணம் பெரட்டத் தான் வேணும், இத வீட்ல முன்னாடியே ஒக்காந்து பேசிருங்க.

ட்யூஷன்னா ட்யூஷன் மட்டும் தான், அது ரெண்டாவது. ஃபீஸ் சீட்ட வாங்கி வரி வரியா வாசிங்க. ட்யூஷன் ஃபீ, லைப்ரரி, இன்டர்நெட், எக்ஸாம் ஃபீ, மூட் கோர்ட்னு சொல்ற மாதிரி கோர்ட் போட்டி, ஹாஸ்டல் ரூம் வாடகை, மெஸ், காஷன் டெபாசிட்னு கீழ எறங்கிக்கிட்டே போகும். எனக்கு மொத வரி மட்டும் தான் ஸ்காலர்ஷிப்ல போச்சு. அது மொத்தத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல, மீதி பூரா எங்க பாடு. இந்த மாதிரி பல்கலைக்கழகத்துல எல்லாஞ் சேந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு லட்சம்னு வருது, அதுல பாதின்னாலும் பீடிக் கூலில அடங்குற காசா? மீதிக்கு வித்யாலட்சுமி போர்ட்டல் வழியா கல்விக் கடன் போட்டோம். அப்ப 4 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்காத கடன், மெஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் அது தான் காப்பாத்துச்சு. பேங்க் மேனேஜர் "ஃபுல் ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைக்கு லோன் எதுக்கும்மா"ன்னு கேட்டாரு பாருங்க, அவருகிட்டயும் அந்த ஃபீஸ் சீட்டத் தான் விரல் வச்சு வரி வரியாக் காட்டுனேன்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம். பீடித் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பு மூலமா படிப்பு உதவித்தொகை உண்டு. அம்மாவோ அப்பாவோ பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வச்சிருக்கணும், தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும், தொழிற்படிப்புக்கு வருஷம் 25,000 வரைக்கும் வரும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் சுத்துவட்டாரத்துல பாதி வீட்டுக்கு இது பொருந்தும், ஆனா பீடிக் கடைக்காரரு அட்டைக்கு எழுதிக் குடுக்கலன்னு விட்டவங்க எத்தனயோ பேரு. அதே மாதிரி ஒரு உதவித்தொகை வாங்குனா இன்னொண்ணு கெடயாதுன்னு நிறையத் திட்டத்துல ஷரத்து இருக்கும். ரெண்டுக்கும் போட்டுட்டு பெறவு முழிக்கிறதுக்கு முன்னாடியே அத வாசிங்க. எங்க வீட்ல எனக்கு இந்த ஸ்காலர்ஷிப், பீடி உதவித்தொக பாலிடெக்னிக் படிச்ச தம்பிக்குன்னு பிரிச்சுக்கிட்டோம்.

சரி, இப்ப பேருக்கு வாறேன்.

நம்ம ஊர்ல பேர வாசிக்கிற பழக்கம் குறைவு. பாளையங்கோட்டைல சாரா டக்கர் காலேஜ் கேட்ட தெனமும் எத்தன ஆயிரம் பேரு கடந்து போறாங்க, அந்தம்மா யாருன்னு கேட்டா ஏதோ வெள்ளக்கார டீச்சர்ம்பாங்க. அவங்க இந்தியாவுக்கே வந்ததில்ல. அண்ணன் மிஷனரியா மெட்ராஸ்ல இருந்தாரு, இவங்க நடமாட முடியாத ஒடம்ப வச்சுக்கிட்டு இங்கிலாந்துல இருந்தே நம்ம பக்கத்துப் பொம்பளப் பிள்ளைங்க படிப்புக்காகப் பாடுபட்டாங்க. 1857ல அவங்க காலமானதும் தோழிமாரு சேத்த பணத்துல ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துக்கு அவங்க பேர வச்சாங்க, அது 1895ல காலேஜாச்சு. டவுன் பக்கம் போனா ம.தி.தா. இந்துக் கல்லூரி, பாரதியார் படிச்ச இடம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த மூணு எழுத்து மதுரை திரவியம் தாயுமானவர்னு எத்தன பேருக்குத் தெரியும்? கொடையால வந்த பேரு அது, சுருங்கிச் சுருங்கி இனிஷியல் ஆயிப்போச்சு.

சட்டப் படிப்புல பேரு போட்ட ஸ்காலர்ஷிப் நாலஞ்சு தினுசு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். கம்பெனிக்காரங்க குடுக்குறதுல ஆதித்ய பிர்லா ஸ்காலர்ஷிப் பேரு போனது, 1995ல காலமான ஆதித்ய விக்ரம் பிர்லா நினைவா 1999ல ஆரம்பிச்சது, மேனேஜ்மென்ட், இன்ஜினியரிங் பிள்ளைங்களோட பெறகு சட்டத்தையும் சேத்தாங்க. இதெல்லாம் தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும், கட்டுரை, இன்டர்வியூன்னு நீளும். அங்க உங்க கஷ்டத்த மட்டும் சொன்னா எடுபடாது, நீங்க நாளைக்கு என்ன ஆவீங்கன்னு பாக்குற கண்ணு அது. அப்புறம் இடியான்னு ஒரு அமைப்பு, 2010ல ஷம்நாத் பஷீர்னு ஒரு சட்டப் பேராசிரியர் ஆரம்பிச்சது, வசதியில்லாத பிள்ளைங்கள கிளாட்டுக்கே தயார் பண்ணி, சீட் கெடச்சா படிப்பு முடியிற வரைக்கும் கூட நிப்பாங்க. அவரு 2019ல காலமாயிட்டாரு, வேல நின்னுபோகல. அங்க போய் மார்க் பட்டியலப் பெரிசாக் காட்டுறதவிட உங்க வீட்டு நெலமையையும் ஊரையும் உள்ளபடி சொல்றது தான் ஒதவும்.

அரசாங்கப் பணத்துல யார் பேரும் கெடயாது, விதி மட்டும் தான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக், வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். அரசுப் பள்ளில ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சவங்களுக்கு 2021 சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீத ஒதுக்கீடு, அதுல சட்டமும் உண்டு, அப்படிச் சேர்றவங்க ஃபீஸும் அரசாங்கமே கட்டுது. இதுக்கெல்லாம் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டாம், அது உங்க உரிமை. லேட்டாச்சுன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனுவோட போய் நில்லுங்க, அவ்வளவு தான். இன்னொண்ணையும் சொல்லிடுறேன், நம்ம திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரில ஃபீஸ் சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். அங்க சீட் கெடச்ச பிள்ள ஸ்காலர்ஷிப் கெடைக்கலயேன்னு அழ வேண்டியதே இல்ல. அங்க படிச்சவங்க தான் இன்னைக்கு எங்க வக்கீல் சங்கத்துல பாதிப் பேரு, குறுக்கு விசாரணைன்னா அவங்ககிட்ட நான் ஒண்ணுமே இல்ல.

வெளிநாட்டுக் கதை தனி. சிகாகோ சட்டக் கல்லூரில ரூபன்ஸ்டைன் ஸ்காலர்னு ஒண்ணு இருக்கு, அங்கயே படிச்ச டேவிட் ரூபன்ஸ்டைன் 2010ல ஒரு கோடி டாலர் குடுத்து ஆரம்பிச்சது, முழு ட்யூஷன். நியூயார்க் யுனிவர்சிட்டில ரீட்டா ஹவுசர், கஸ்டவ் ஹவுசர் தம்பதி பேர்ல இருக்கது வெளிநாட்டுப் பிள்ளைங்க எல்.எல்.எம்.ங்கற சட்ட மேற்படிப்பு படிக்க. நம்ம சீனியர்ங்க ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போற ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் 1902ல செத்த செசில் ரோட்ஸோட உயில்ல பொறந்தது, 1977 வரைக்கும் பொம்பளைங்களுக்குக் கதவே தொறக்கல. ரோட்ஸ் ஆப்பிரிக்காவுல அங்கத்து மக்களோட நெலத்தப் பிடிச்சு என்ன பண்ணுனாருன்னு தெரிஞ்சும் அந்தப் பணத்துல படிக்கலாமான்னு ஹாஸ்டல்ல விடிய விடிய சண்ட நடக்கும். என்னயக் கேட்டா வாங்குங்க, படிங்க, ஆனா அந்தாளப் பத்திக் கேட்டா மழுப்பாமச் சொல்லுங்க.

குடுக்குறவங்க யாருக்குன்னு மனசுல வச்சுக் குடுக்காங்களோ அது ஷரத்துல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். நம்ம நாட்டு மொத பொம்பள வக்கீல்னு சொல்ற கார்னிலியா சொராப்ஜி பம்பாய் மாகாணத்துலயே மொதல்ல தேறியும், இங்கிலாந்து போய்ப் படிக்கிற அரசாங்க ஸ்காலர்ஷிப் பொம்பளன்னு ஒரே காரணத்துக்காக மறுக்கப்பட்டுச்சு. அங்க உள்ள சிலபேர் காசு சேத்து அனுப்புனதுல, அதுல ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் உண்டு, 1889ல ஆக்ஸ்ஃபோர்டு போய் அங்க சட்டம் படிச்ச மொத பொம்பள ஆனாங்க. அம்பேத்கர் 1913ல பரோடா மகாராஜா உதவில கொலம்பியா போனாருன்னு எல்லாருக்கும் தெரியும், திரும்பி வந்து பத்து வருஷம் சமஸ்தானத்துல வேல பாக்கணும்னு ஒப்பந்தம் இருந்தது நிறையப் பேருக்குத் தெரியாது. வேலைக்கும் வந்தாரு. சாதியால பரோடாவுல அவருக்குத் தங்க ஒரு எடம் கெடைக்கல, விட்டுட்டு வர வேண்டியதாச்சு. இன்னைக்கும் சில ஸ்காலர்ஷிப்ல படிச்சு முடிச்சு இத்தன வருஷம் இன்ன இடத்துல வேல பாக்கணும்னு இருக்கும். பாண்டு பேப்பர் நீட்டுனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாசிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க, அங்கயே நின்னு போடாதீங்க.

என் ஸ்காலர்ஷிப்பு குடும்ப டிரஸ்ட் வகை. திருநெல்வேலி கோர்ட்ல ரொம்ப காலம் பிராக்டிஸ் பண்ணுன ஒரு வக்கீலய்யா, அவர் மறைஞ்சப்புறம் மனைவியும் பிள்ளைகளும் பல்கலைக்கழகத்துல ஒரு தொகையப் போட்டு வச்சிருந்தாங்க. பேர் வேண்டாம்னு அவங்க வீட்ல சொன்னதால போடல. ரெண்டாம் வருஷம் புதுப்பிக்கிறப்போ தான் எனக்கு வினையே வந்துச்சு. புதுசா வருமானச் சான்று எடுத்துக் குடுத்தேன், அதுல தென்காசி மாவட்டம்னு இருக்கு. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆயிடுச்சுல்லா, எங்க ஆலங்குளம் அதுல போயிடுச்சு. அக்கவுன்ட்ஸ்ல இருந்தவரு "இது திருநெல்வேலி மாவட்ட மாணவருக்கு, நீங்க இப்ப வேற மாவட்டம்"னு ஃபைல எடுத்து ஓரமா வச்சுட்டாரு. வடக்க ஒக்காந்துருக்க மனுசனுக்கு ஆலங்குளம் எங்க இருக்குன்னு என்ன தெரியும், அவரு மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

அந்தக் குடும்பம் பணம் போட்டப்போ என்ன ஷரத்துன்னு எழுதிக் குடுத்த பத்திரம் ஒண்ணு இருக்கும், எண்டோமென்ட் டீடுன்னு பேரு, நான் அதோட நகல் குடுங்கன்னு கேட்டேன். ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ள அத கேட்டதே அங்க புதுசாம். நாலு பக்கம் தான். "திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, தொழிலாளர் குடும்பத்து மாணவர்"னு இருந்துச்சு, பத்திரம் எழுதுன தேதில தென்காசி, ஆலங்குளம், சங்கரன்கோவில் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம் தான். எழுதுனவங்க மனசுல இருந்த நிலப்பரப்பு அது, பெறவு சர்க்கார் கோடு போட்டா அது சுருங்காதுன்னு ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதுனேன். என் வாழ்க்கைல நான் வாதாடுன மொத கேஸ் அது தான்னு சொல்லுவேன். பல்கலைக்கழகத்துல அந்த லெட்டர குடும்பத்துக்கே அனுப்பிக் கேட்டுட்டாங்க. வக்கீலய்யா மக சென்னைல இருந்து ஒரே ஒரு வரி பதில்: அப்பா கேஸ் நடத்துன கோர்ட் எல்லாம் அதுல சேரும், தூத்துக்குடியும் சேத்துக்கோங்க. தூத்துக்குடி 1986லயே பிரிஞ்சது பாருங்க, அதையும் சேத்துட்டாங்க. அடுத்து ரெண்டு வருஷத்துல கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் அதுல வந்து சேந்தான்.

அதே பத்திரத்துல தான் இன்னொரு விஷயமும் புரிஞ்சுது. இந்த மாதிரி ஸ்காலர்ஷிப்ல போட்ட முதல் பணத்த எடுக்க மாட்டாங்க, அது டெபாசிட்ல கெடக்கும், வட்டி மட்டும் தான் பிள்ளைங்களுக்கு. கணக்குக்கு 50 லட்சம்னு வச்சுக்குவோம். 9 சதவீதம் வட்டி இருந்த காலத்துல வருஷத்துக்கு நாலரை லட்சம், ஒருத்தருக்கு ஒண்ணரை லட்சம் ட்யூஷன்னா மூணு பேரு படிக்கலாம். 2020ல ஸ்டேட் பேங்க்லயே அஞ்சு வருஷ டெபாசிட்டுக்கு 5.4 சதவீதம்னு வந்தப்போ அதே பணத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் தான், ரெண்டு பேருக்கே காணாது. ட்யூஷனும் வருஷா வருஷம் ஏறுது. அதனால "முழு ட்யூஷன்"னு பேரு இருந்தும் பாதி தான் தருவோம்னு சில இடத்துல ஆயிடுது, இல்ல புதுசா ஆள் எடுக்காம நிறுத்திடுறாங்க. விண்ணப்பம் போடுறப்பவே கேளுங்க: இது முதல் போட்டு வட்டில ஓடுறதா, இல்ல வருஷா வருஷம் குடும்பம் செக் அனுப்புறதா? வட்டின்னா கொறஞ்சா என்ன பண்ணுவீங்க? செக்குன்னா அவங்க எத்தன வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க? எனக்கு வட்டி கொறஞ்ச வருஷம் துண்டு விழுந்தத வக்கீலய்யா வீட்டுக்காரங்களே மேல போட்டுக் கட்டுனாங்க. அந்த தென்காசி லெட்டரால என் பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு தான் நினைக்கேன்.

மெரிட்டுன்னு சொல்றாங்களே, அதையும் பாத்துக்கோங்க. "6க்கு மேல சி.ஜி.பி.ஏ. இருக்கணும், அரியர் கூடாது"ன்னா அது உங்க கையில இருக்கு. "வகுப்புல மொத பத்து பேருக்குள்ள"ன்னா அது மத்தவங்க கையிலயும் இருக்கு, எல்லாருமே நல்லாப் படிக்கிற இடத்துல அது கத்தி மேல நடக்குறது. அமெரிக்காவுல இந்தத் தகராறு பெருசாகித் தான் எத்தன பேருக்கு நடுவுல ஸ்காலர்ஷிப் போச்சு, கொறஞ்சுதுன்னு கல்லூரிங்க வருஷா வருஷம் வெளியிடணும்னு பார் அசோசியேஷன் விதியே போட்டிருக்கு. நம்ம ஊர்ல அப்படி இல்ல, நீங்களா சீனியர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எனக்கு மொத செமஸ்டர் கான்ட்ராக்ட்ஸ் பேப்பர் வயித்தக் கலக்குச்சு. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து இங்கிலீஷ்ல மூணு மணி நேரம் எழுதுறதுன்னா சும்மாவா. சீனியர் அக்கா ஒருத்தி பழைய விடைத்தாள வச்சு எழுதிப் பழக்குனா, தப்பிச்சேன்.

மூணாம் வருஷ லீவுல பாளையங்கோட்டைல அந்த ஆச்சியப் பாக்கப் போனேன், வக்கீலய்யா மனைவி. "நீ தான் தென்காசிப் பிள்ளையா, உள்ள வா, காப்பி குடிக்கியா"ன்னு கேட்டாவ. முன் ரூம்ல கண்ணாடி அலமாரி பூரா சட்டப் புத்தகம், முதுகு தேஞ்ச எம்.எல்.ஜே. வால்யூம், தீர்ப்புகளத் தொகுத்துப் போடுற மெட்ராஸ் லா ஜர்னல் அது. எங்க அம்மா பீடி சுத்துறான்னதும் ஆச்சி எந்திச்சுப் போய் ஒரு கட்ட எடுத்துட்டு வந்தாவ, 1974ல சுப்ரீம் கோர்ட்ல வந்த மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் தீர்ப்பு, ஓரத்துல பென்சில்ல பொடிப்பொடியா தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதியிருக்கு. 1966 பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் செல்லும், வீட்ல ஒக்காந்து சுத்துறவங்களும் தொழிலாளர் தான்னு சொன்ன தீர்ப்பு. அய்யா பீடித் தொழிலாளிங்க கேஸ் நிறைய எடுத்தவராம், பி.எஃப். கேஸு, லீவுச் சம்பளக் கேஸுன்னு. பாதிப் பேரு ஃபீஸே குடுக்கலயாம், "சாயங்காலம் வீட்டு வாசல்ல சுரைக்காயும் முருங்கக்காயும் தான் கெடக்கும்"னு சிரிச்சாவ. பத்திரத்துல "தொழிலாளர் குடும்பத்து"ன்னு ஏன் இருந்துச்சுன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது.

நான் மனசுல இருந்தத கேட்டுட்டேன், ஏன் ஆச்சி ட்யூஷனுக்கு மட்டும் வச்சீங்க, மெஸ்ஸுக்கும் சேத்து வச்சிருக்கலாமேன்னு. "சோத்துக்குக் காசு குடுத்தா அது பிச்ச போட்ட மாதிரி இருக்கும்னு அவிய நினைச்சாவ, படிப்புக்குக் குடுத்தா கவுரவம்"ன்னாவ. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல, மெஸ் பில் கட்ட முடியாம நோட்டீஸ் போர்டுல பேரு தொங்குனா தான் கவுரவம் போகுது. அத அப்படியே அவங்க முன்னாடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பெறவு "மக கிட்ட சொல்லுதேன்"னாவ. அதுக்கடுத்த வருஷத்துலேர்ந்து புத்தகம், மெஸ்னு ஒரு சின்னத் தொக சேந்துச்சு. குடுக்குறவங்ககிட்ட பணிஞ்சு தான் போகணும்னு ஒண்ணும் இல்ல, அவங்களும் நம்ம கிட்டேர்ந்து தெரிஞ்சுக்கத் தான் விரும்புறாங்க, யாரும் சொல்றதில்ல, அவ்வளவு தான்.

வருஷத்துக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. பல்கலைக்கழகம் கேட்டா எழுதுற அந்த நாலு வரி "தாங்கள் செய்த பேருதவிக்கு நெஞ்சார்ந்த நன்றி" இல்ல. இந்த வருஷம் எந்த பாடம், என்ன மார்க், எந்த வக்கீல்கிட்ட இன்டர்ன்ஷிப், கோர்ட்ல பாத்த ஒரு விஷயம், பணம் எதுக்குப் பத்தாமப் போச்சு, இத எழுதுனா போதும், ரெண்டு பக்கத்துக்கு மேல போக வேண்டாம். கொறஞ்ச மார்க்க மறைக்காதீங்க, ஆபீஸ்லேர்ந்து அவங்களுக்கு எப்படியும் போகும். தமிழ் தெரிஞ்ச குடும்பம்னா தமிழ்லயே எழுதுங்க. ஐகோர்ட் மதுரை பெஞ்ச்ல நான் இப்ப ஜூனியரா இருக்க சீனியர் ஆபீசும் இந்த லெட்டர் வழியா வந்தது தான், நான் லேபர் லா பண்ணணும்னு எழுதுனத பாத்து வக்கீலய்யா மக ஒரு போன் போட்டாங்க. நான் அப்படி ஒண்ண எதிர்பாத்து எழுதல.

இந்த வருஷம் டிசம்பர்ல கிளாட் எழுதப் போறவங்க ரிசல்ட் வர்றதுக்குள்ள சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்துல எடுத்து வச்சுக்கோங்க, பழைய மாவட்டப் பேரு இருக்க சான்று இருந்தா அதத் தூரப் போடாம சேத்து வைங்க. வருமானச் சான்று மட்டும் சேர்ற சமயத்துல புதுசா எடுங்க, பழசுன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அடகு வைக்கிறதுனா தேதிய முன்னாடியே பாத்து வைங்க, கடைசி நாள் அவசரத்துல தனியார் அடகுக் கடைல போய் விழாதீங்க. பத்திர நகல் கேட்டா ஆபீஸ்ல சும்மா தந்துருவாங்க, தரலன்னா அரசு சட்டம் போட்டு ஆரம்பிச்ச பல்கலைக்கழகம்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். மத்திய அரசு விதிப்படி பத்து ரூபா தான் கட்டணம், மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும்.